சிவராத்திரிக்கு முழிச்சிருக்கிற 30 பேருக்கும் சேர்த்து மனசைப் படிக்கிற மாதிரி ஒரு சீட்டு வித்தை வேணும்

கட்டிங்_மாஸ்டர்

எல்லாருக்கும் வணக்கம். திருப்பூர்ல பனியன் கம்பெனியில கட்டிங் வேலை பாக்குறேன், சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். வர்ற மாசி சிவராத்திரிக்கு எங்க குலசாமி கோயிலுக்குப் போறோம். பங்காளி வீடு எல்லாம் சேர்ந்தா சின்னது பெருசுன்னு 30 பேர் வருவாங்க. விடிய விடிய முழிக்கணும். பத்து மணிப் பூசை முடிஞ்சா அடுத்த பூசை வரைக்கும் பிள்ளைகளுக்குப் பொழுது போகாது, பெரியவங்களுக்குக் கண்ணு சொக்கும்.

போன வருஷம் 21 சீட்டு வித்தை செஞ்சேன். ஏழு ஏழா மூணு வரிசை அடுக்கி, நினைச்ச சீட்டு எந்த வரிசைல இருக்குன்னு கேட்டு, அந்த வரிசையை நடுவுல வச்சு மறுபடி அடுக்கணும். மூணு தடவை அப்படிச் செஞ்சா அவங்க சீட்டு 11-ஆவதா வந்து நிக்கும். சீட்டு எடுத்தது மச்சான் ஒருத்தர் மட்டும்தான். மிச்ச 29 பேரும் நான் மூணு தடவை அடுக்குறதைச் சும்மா பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க. ரெண்டாவது தடவைலயே பாதிப் பேர் எந்திரிச்சுப் போய்ட்டாங்க. எங்க அண்ணன் மகன், எட்டாவது படிக்கிறான், "சித்தப்பா, நடு வரிசைல நடுச் சீட்டுதானே"ன்னுட்டான்.

எனக்கு வேணுங்கிறது இதுதான்: பத்துப் பேராவது ஒரே நேரத்துல சேந்துக்கணும். அவங்க நினைச்சதை நான் சொல்லணும். கைவேகம் எனக்கு வராது, சீட்டை மறைக்கவும் தெரியாது. பழக 12 நாள் இருக்கு. விலைக்கு வாங்குற விசேஷக் கட்டு வேண்டாம், சாதாரணச் சீட்டுக்கட்டு போதும். தெரிஞ்சவங்க சொல்லிக் கொடுங்க.

கணக்கு_டீச்சர்

தம்பி, உங்களுக்கு வேண்டியதைத்தான் 31 வருஷம் பெண்கள் பள்ளியில் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் செய்துகொண்டிருந்தேன். கைவேகம் துளியும் தேவையில்லை. நான்கு சொற்கள் மனப்பாடமாக வேண்டும், அவ்வளவுதான். நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் உங்கள் 21 சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அதைக் குறைவாக நினைக்காதீர்கள். அதே குடும்பத்து 27 சீட்டு வித்தையை ஜோசப் டீஸ் ஜெர்கோன் என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர் 1813-14-இல், தாம் நடத்திய கணித இதழிலேயே ஆராய்ந்து எழுதினார். கணக்கு அழகானது. ஆனால் அது ஒருவரை எதிரே உட்காரவைத்துச் செய்ய வேண்டியது. கூட்டத்துக்கு ஆகாது.

கூட்டத்துக்கு ஏற்றது 20 சீட்டு வித்தை. ஐரோப்பாவில் இதற்கென்று லத்தீன் சாயலில் நான்கு சொற்கள் வெகுகாலமாக வழக்கத்தில் இருக்கின்றன: மூட்டுஸ், நோமென், டெடிட், கோசிஸ். அவர்கள் எழுத்தில் ஒவ்வொரு சொல்லும் ஐந்து எழுத்து, மொத்தம் 20. அந்த 20-இல் பத்தே எழுத்துகள், ஒவ்வொன்றும் சரியாக இரண்டு முறை வரும். வித்தை முழுக்க இதில்தான் இருக்கிறது.

எங்கள் பிள்ளைகளுக்கு அந்தச் சொற்கள் வாயில் நுழையவில்லை. தமிழில் செய்து பார்ப்போம் என்று ஒரு வெள்ளிக்கிழமை கரும்பலகையில் ஆரம்பித்தோம். விதி ஒன்றுதான்: கால், கொம்பு, சுழி, புள்ளி எதையும் கணக்கில் எடுக்கக்கூடாது. க, கா, கி, க் எல்லாம் 'க' தான். மூன்று சொற்கள் அரை மணியில் வந்துவிட்டன. நான்காவதற்கு ச, ப, ள மூன்றும் வேண்டும், கூடவே வேறு சொல்லில் இல்லாத ஓர் எழுத்து இரட்டையாக வேண்டும். 'பித்தளை' என்று ஒருத்தி சொன்னாள். ப, த், த, ளை. ஒரு எழுத்துக் குறைகிறது, ச இல்லை. மணி அடிக்கப் போகிற நேரத்தில் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண், வருஷம் முழுக்க என் வகுப்பில் வாயே திறக்காதவள், எழுந்து நின்று "சுட்ட புளி டீச்சர்" என்றாள். நான்கையும் வரிசை மாற்றி எழுதியதும் ஒரு வாக்கியம் மாதிரியே அமைந்துவிட்டது:

பல்லவர்
சக்கரம்
மற்றவள்
சுட்ட புளி

பல்லவர் சக்கரம், மற்றவள் சுட்ட புளி. இரண்டு தடவை வாய்விட்டுச் சொன்னால் அப்புறம் மறக்காது. எண்ணிப் பாருங்கள்: ப, ல, வ, ர, ச, க, ம, ற, ள, ட. பத்து எழுத்து, எல்லாம் இரண்டிரண்டு முறை.

இனி செய்முறை. கட்டை யாரிடமாவது கொடுத்து நன்றாகக் கலைக்கச் சொல்லுங்கள். உண்மையாகவே கலைக்கட்டும், உங்களுக்கு அதனால் ஒரு பாதகமும் இல்லை. பத்துப் பேரை முன்னால் வட்டமாக உட்காரவைத்து ஆளுக்கு இரண்டு சீட்டுக் கொடுங்கள். அவர்கள், சீட்டு வாங்காதவர்களில் தங்கள் அருகில் இருக்கும் இரண்டு பேருக்கு மட்டும் காட்டட்டும். இப்போது 30 பேரும் உள்ளே வந்துவிட்டார்கள், பார்த்தீர்களா? ஆளுக்கொரு ரகசியம் இருப்பதால் எழுந்து போகத் தோன்றாது.

பிறகு ஒவ்வொருவராக வந்து தங்கள் இரண்டு சீட்டையும் சேர்த்தபடியே கவிழ்த்து, ஒருவர் மேல் ஒருவராக வைக்கட்டும். இங்கேதான் கவனம் வேண்டும். இதற்குமேல் கலைக்கவோ வெட்டவோ கூடாது. ஒருவருடைய இரண்டு சீட்டுகள் அடுத்தடுத்து இருந்தே ஆக வேண்டும்.

இப்போது மேலிருந்து எடுத்து, முகம் தெரியும்படி நான்கு வரிசையில் ஐந்து ஐந்தாக அடுக்குங்கள். தரையில் அந்த நான்கு சொற்களும் எழுதியிருப்பதாக மனதில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஜோடியையும் ஒரே எழுத்தின் இரண்டு இடத்திலும் வைக்க வேண்டும். முதல் ஜோடி ப: ஒன்று பல்லவரின் முதல் இடம், மற்றது சுட்ட புளியின் நான்காம் இடம். அடுத்த ஜோடி ல, பல்லவரிலேயே இரண்டும் மூன்றும். அடுத்தது வ, பல்லவரின் நான்கு, மற்றவளின் நான்கு. இப்படியே போனால் 20-உம் நிரம்பிவிடும். பார்க்கிறவர்களுக்கு ஏதோ கை போன இடத்தில் போடுகிற மாதிரித்தான் தெரியும்.

இனி ஒருவரைப் பார்த்து, "உங்கள் சீட்டு இரண்டும் எந்தெந்த வரிசையில் இருக்கிறது?" என்று மட்டும் கேளுங்கள். முதலும் நான்கும் என்றால், பல்லவருக்கும் சுட்ட புளிக்கும் பொது எழுத்து ப மட்டுமே. அந்த இரண்டு இடத்துச் சீட்டும் அவருடையவை. முதலும் மூன்றும் என்றால் வ. இரண்டும் ஒரே வரிசை என்றால் அந்தச் சொல்லின் இரட்டை எழுத்து. கேள்வி ஒன்றுதான், பதில் பத்துப் பேருக்கும் தயார்.

ஏன் தவறவே தவறாது? நான்கு வரிசையில் இரண்டு வரிசையைத் தேர்ந்தெடுக்க 6 வழி. ஒரே வரிசையில் இரண்டும் இருக்க 4 வழி. 6+4=10. ஒவ்வொரு வழிக்கும் ஓர் எழுத்து, ஓர் எழுத்துக்கு ஒரு ஜோடி. பதினோராம் வகுப்புச் சேர்வுகள் பாடத்தை நான் இந்தப் பத்து ஜோடிகளை வைத்துத்தான் தொடங்குவேன்.

இன்னும் இரண்டு விஷயம். ஒன்று, எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு உங்கள் முதல் வரிசை கடைசி வரிசையாகத் தெரியும். எண் சொல்லிக் கேட்டால் கட்டாயம் குழப்பம் வரும், எனக்கு வந்திருக்கிறது. அதனால் வரிசைக்கு ஒரு பொருளைத் தலைமாட்டில் வையுங்கள். பல்லவருக்குப் பூ, சக்கரத்துக்குச் சாவி, மற்றவளுக்கு மஞ்சள், சுட்ட புளிக்குச் சுண்ணாம்பு டப்பா. முதல் எழுத்தே உங்களுக்கு வரிசையைச் சொல்லிவிடும். "உங்கள் சீட்டு பூவோடு இருக்கிறதா, மஞ்சளோடு இருக்கிறதா?" என்று கேட்டால் கேட்கவும் நன்றாக இருக்கும். கோயிலில் இவை எல்லாம் கைக்கெட்டும் தூரத்திலேயே கிடைக்கும்.

இரண்டாவது, இதை நான் யாருக்கும் எளிதில் சொல்வதில்லை. கடைசியாகச் சீட்டு வைப்பவருடைய ஜோடி கட்டின் மேலே இருக்கும். நீங்கள் முதலில் அடுக்குவது அதைத்தான். முதல் ஜோடியை எப்போதும் ப-வில் வைத்தீர்களானால், அந்தக் கடைசி ஆளிடம் நீங்கள் எதுவுமே கேட்க வேண்டியதில்லை. ஒன்பது பேரிடம் வரிசை கேட்டுச் சொல்லிவிட்டு, பத்தாவது ஆளிடம் "நீங்கள் வாயே திறக்க வேண்டாம்" என்று சொல்லி இரண்டு சீட்டையும் சொல்லிப் பாருங்கள். அந்த இடத்தில் கூட்டம் மூச்சுவிடாது.

குலசாமி கோயில் என்பதால் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சாமியாடிக் குறி சொல்கிற இடம் அது. பூசை நேரத்திலோ சன்னதிக்கு முன்னாலோ வேண்டாம். தள்ளி உட்கார்ந்து, "இது வித்தை, கணக்கு" என்று முதலிலேயே சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். நம்பிக்கையோடு வந்திருக்கும் பெரியவர்கள் மனதில் வேறு எண்ணம் விழக்கூடாது.

கட்டிங்_மாஸ்டர்

டீச்சர், கை எடுத்துக் கும்பிடுறேன். ரெண்டு நாளா ராத்திரி ரூம்ல உக்காந்து பழகுறேன். மாசக் காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு 20 கட்டம் கிழிச்சு, எழுத்தைப் பென்சில்ல எழுதி அது மேல அடுக்குறேன். தாள் இருந்தா சரியா வருது. தாளை எடுத்துட்டா ரெண்டு இடத்துல மாட்டிக்கிறேன்.

சாவியும் மஞ்சளும்னு வச்சுக்கங்க. சக்கரம், மற்றவள். எனக்கு ம-வும் ஞாபகம் வருது, ர-வும் வருது. வாயில சொல்லும்போது ரெண்டு 'ற'வும் ஒண்ணாவே கேக்குது. அதே மாதிரி பூவும் மஞ்சளும்னா பல்லவர், மற்றவள், இதுல வ-வும் வருது, ல-வும் வருது. பள்ளிக்கூடத்துல படிச்சப்பவே எனக்கு ல, ள தகராறுதான்.

கணக்கு_டீச்சர்

நல்ல கேள்வி தம்பி. இதே இரண்டு இடத்தில்தான் என் பிள்ளைகளும் விழுந்தார்கள், அதனால் வழி தயாராக இருக்கிறது.

நான்கு சொல்லையும் எழுதி உற்றுப் பாருங்கள். இரட்டை எழுத்து எங்கே இருக்கிறது? ல்ல, க்க, ற்ற, ட்ட. நான்கிலும் இரண்டாவதும் மூன்றாவதும்தான். இரட்டை எழுத்து தன் வரிசையைத் தாண்டி வெளியே போகாது. ஆகவே "இரண்டும் ஒரே வரிசை" என்று ஒருவர் சொன்னால் சொல்லையே நினைக்க வேண்டாம், அந்த வரிசையின் இரண்டாம் மூன்றாம் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வெவ்வேறு வரிசை என்றால் நடுவில் உள்ள அந்த இரட்டையை மூடிவிட்டு மிச்சத்தைப் பாருங்கள்:

பவர்
சரம்
மவள்
சுபுளி

உங்களைக் குழப்பிய ல, ற இரண்டும் போய்விட்டன. இதில் இருப்பது ஒரே வகை ர, ஒரே வகை ள. சரம், மவள் இரண்டுக்கும் பொது ம தான், வேறு வழியே இல்லை. பவர், மவள் என்றால் வ. அடுக்கும்போது முழுச் சொல், கண்டுபிடிக்கும்போது இந்தக் குறுஞ்சொல் என்று பழகுங்கள். மூன்று நாளில் தாளை எடுத்துவிடலாம்.

பொம்மை_மாமா

சேலத்துல பிறந்தநாள் வீடுகள்ல வித்தை காட்டுறவன் நான், 18 வருஷமாச்சு. லத்தீன் சொல்லை வச்சுத்தான் இதுவரைக்கும் செஞ்சுட்டிருந்தேன். டீச்சர் கொடுத்த தமிழைப் படிச்சதும் எழுந்து நின்னுட்டேன். டீச்சர், அந்தக் கடைசி பெஞ்சுப் பொண்ணு இப்ப எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும்.

தம்பிக்கு, கணக்கு டீச்சர் சொல்லிட்டாங்க, நான் நடிப்பைச் சொல்றேன். வரிசை தெரிஞ்ச உடனே சீட்டைத் தொட்டுக் காட்டிடாதீங்க. அப்படிச் செஞ்சா புதிர் விடுவிச்ச மாதிரி இருக்கும், மனசைப் படிச்ச மாதிரி இருக்காது. எந்தச் சீட்டுன்னு பாத்துக்கிட்டு, உடனே கண்ணைச் சீட்டுலேர்ந்து எடுத்து அவங்க முகத்தைப் பாருங்க. இனிமே சீட்டுப் பக்கம் திரும்பவே கூடாது. "ஒண்ணு சிவப்பு... இன்னொண்ணு கறுப்பு." நிறுத்துங்க. "சிவப்புல ஆட்டின் இல்ல, டைமன்." மறுபடி நிறுத்துங்க. "சின்ன நம்பர்." அவங்க முகம் மாறும். மாறும்போது "நாலு" அப்படின்னு முடிங்க. இரண்டாவது சீட்டைச் சட்டுன்னு சொல்லிடுங்க, இழுக்காதீங்க. பத்துப் பேருக்கும் இதே மாதிரி இழுத்தா சலிச்சுப் போகும். மூணு பேருக்கு மெதுவா, மிச்சப் பேருக்கு விறுவிறுன்னு.

ஒரு ஓட்டை இருக்கு. டீச்சரே காட்டிட்டாங்க. ஒரே வரிசைன்னு சொல்ற நாலு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துச் சீட்டு, அதுவும் அதே இரண்டாவது, மூணாவது இடம். உங்க அண்ணன் மகன் மாதிரி ஆளு மூணாவது தடவை பிடிச்சிடுவான். ஒரே வரிசைக்காரங்களை அடுத்தடுத்துக் கேக்காதீங்க. இரண்டு வரிசைக்காரங்களை நடு நடுவுல நுழைச்சுக்கங்க. யார் எந்த மாதிரின்னு கேக்காம தெரியாதே அப்படிம்பீங்க. பொதுவாக் கேட்டுடுங்க: "ஒரே வரிசைல இருக்கிறவங்க கை தூக்குங்க." நாலு கை வரும். அவங்களை ஞாபகம் வச்சுக்கிட்டு நடு நடுவுல கூப்பிடலாம். அந்தக் கேள்விக்கு மட்டும் கடைசி ஆளு கை தூக்க மாட்டார், ஏன்னா அவர் ஜோடி ப-வுல, இரண்டு வரிசைல இருக்கும்.

அப்புறம் ஒரே ராத்திரில இரண்டாவது தடவை செய்யாதீங்க. எவ்வளவு கெஞ்சினாலும் செய்யாதீங்க. வெட்டவெளின்னா காத்து பாருங்க. புதுக்கட்டு பாய்ல வழுக்கும், ஜமுக்காளத்துல நிக்கும். நான் ஒரு மாடி வீட்டுல பெடஸ்டல் ஃபேனை நிறுத்தச் சொல்ல மறந்து, அடுக்கின 20-ல ஏழெட்டு பறந்துபோச்சு. அன்னைக்கு அதோட முடிஞ்சது.

கணக்கு_டீச்சர்

கை தூக்கச் சொல்வது நல்ல யோசனை. இத்தனை வருஷத்தில் எனக்குத் தோன்றவில்லை. ஒரே ஒரு திருத்தம்: கை தூக்கினவர்கள் நான்கு பேர்தானா என்று எண்ணிக்கொள்ளுங்கள் தம்பி. மூன்றோ ஐந்தோ வந்தால், யாரோ தன் சீட்டைச் சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம். பதில் சொல்லி மாட்டிக்கொள்வதற்கு முன்னாலேயே தெரிந்துவிடும்.

கட்டிங்_மாஸ்டர்

கோயிலுக்குப் போய்ட்டு வந்து நாலு நாளாச்சு. வேலை முடிஞ்சு இப்பதான் எழுத உக்காந்தேன். நடந்ததை அப்படியே சொல்றேன்.

பதினொரு மணி இருக்கும். கோயிலுக்குத் தள்ளி ஒரு வேப்பமரம், அதுக்குக் கீழ ஜமுக்காளம் விரிச்சோம். ஜெனரேட்டர்லேர்ந்து ஒரு டியூப் லைட் இழுத்துக் கட்டியிருந்துச்சு. பூவுக்குச் செவ்வந்தி, சாவிக்கு என் வண்டிச் சாவி, மஞ்சளும் சுண்ணாம்பு டப்பாவும் அப்பத்தா சுருக்குப் பையிலேர்ந்து. டீச்சர் சொன்ன மாதிரி "இது வித்தை, கணக்கு"ன்னு சொல்லித்தான் ஆரம்பிச்சேன்.

சித்தப்பா ஒருத்தர் தன் ரெண்டு சீட்டுல ஒண்ணைக் கட்டுக்கு மேலயும் ஒண்ணை அடியிலயும் வச்சுட்டார். எனக்கு வேர்த்துப் போச்சு. "சித்தப்பா, ரெண்டையும் சேத்து எடுத்து இன்னொரு தடவை நல்லா பாத்து மனசுல நிறுத்திக்கங்க"ன்னு சொன்னேன். அவரே எடுத்து, பாத்து, சேத்து மேல வச்சார். யாருக்கும் ஒண்ணும் தோணலை.

கை தூக்கச் சொன்னப்ப நாலு வரலை, அஞ்சு கை வந்துச்சு. டீச்சர், நீங்க மட்டும் சொல்லலைன்னா நான் அங்கயே தொலைஞ்சிருப்பேன். "கிட்ட வந்து பாருங்க, வெளிச்சம் பத்தலை"ன்னு எல்லாரையும் ஒரு தடவை குனிஞ்சு பாக்கச் சொன்னேன். மதினி ஒருத்தங்க கையை இறக்கிட்டாங்க. ஸ்பேடு ஒன்பதையும் கிளாவர் ஒன்பதையும் மாத்திப் பாத்திருக்காங்க.

அதுக்கப்புறம் ஒண்ணுகூடத் தப்பலை. பொம்மை மாமா சொன்ன மாதிரி முகத்தைப் பாத்தே சொன்னேன். நாலாவது ஆளுக்கு மேல தூங்கிட்டிருந்த பிள்ளைகளை எல்லாம் அவங்க அம்மாக்களே எழுப்பி உக்கார வச்சுட்டாங்க. அண்ணன் மகன் என் பின்னால வந்து நின்னு என் கையையே பாத்துக்கிட்டிருந்தான். கையில என்ன இருக்கு, ஒண்ணும் இல்லை.

கடைசியா சீட்டு வச்சது அப்பத்தா. 84 வயசு, ஒரு கண்ணுல புரை, மரத்தடில கயித்துக்கட்டில்ல உக்காந்திருந்தாங்க. அங்கேருந்து ஜமுக்காளத்துல இருக்கிற சீட்டு ஒண்ணும் தெரியாது. அதனாலயே அவங்களைக் கடைசில வச்சேன். ஆட்டின் ராணி, கிளாவர் ஏழு. அண்ணன் மக பக்கத்துல உக்காந்து அவங்க காதுல சொல்லியிருந்தா. நான் போய்க் கட்டில் ஓரமா உக்காந்து அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டேன். "அப்பத்தா, நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம், மனசுல மட்டும் நினைங்க"ன்னேன். கண்ணை மூடிட்டாங்க. "ஒரு பொம்பளை இருக்கா. சிவப்புச் சேலை. ஆட்டின் ராணி. கூட கிளாவர் ஏழு." ஜெனரேட்டர் சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு.

அப்பத்தா கண்ணைத் திறந்து சின்னவளைப் பாத்து, "நீ சொன்னியாடி?"ன்னாங்க. அவ சாமி சத்தியமா இல்லைன்னு அழுக ஆரம்பிச்சுட்டா. அப்புறம் என் கையை விடாம மெதுவா, "அப்ப நான் யாருகிட்டயும் சொல்லாம வச்சிருக்கிறது என்னன்னு உனக்குத் தெரியுமாய்யா?"ன்னு கேட்டாங்க.

டீச்சர், நீங்க முதல்லயே எச்சரிச்சது அப்பதான் எனக்கு முழுசா உறைச்சுச்சு. கூட்டத்துல ஒண்ணும் சொல்லலை. விடியக்காலைல பொங்கல் வைக்க அடுப்பு மூட்டுறப்ப அவங்களைத் தனியா உக்கார வச்சு எல்லாத்தையும் சொல்லிட்டேன். நாலு சொல்லையும் சொல்லி, மணல்ல விரலால எழுதி, கூழாங்கல்லை ஜோடி ஜோடியா வச்சுக் காட்டினேன். எழுத்துக் கூட்டிப் படிப்பாங்க, மூணாவது வரைக்கும் போனவங்க. கோபப்படலை. நாலு தடவை சொல்லிப் பாத்துக்கிட்டாங்க. "சுட்ட புளின்னு வச்சவ சமையக்கட்டுல நின்னவ"ன்னாங்க. யாருகிட்டயும் சொல்லாம வச்சிருந்ததையும் அவங்களே என்கிட்ட சொன்னாங்க. அதை இங்க எழுத மாட்டேன்.

இப்ப ஒரு உதவி. அப்பத்தா நேத்து ஃபோன்ல கூப்பிட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குத் தானே செஞ்சு காட்டணும்னு சொல்றாங்க. எழுத்துப் பெருசா இருக்கிற சீட்டுக்கட்டு வாங்கிட்டேன். ஆனா 20 சீட்டை அடுக்கக் குனிய முடியாது, கட்டில் மேலதான் அடுக்கணும், இடமும் பத்தாது. சின்னதா ஏதாவது இருக்கா?

கணக்கு_டீச்சர்

இருக்கிறது தம்பி. மூன்று வரிசை, நான்கு நான்காக 12 சீட்டு, ஆறு பேருக்கு ஆறு ஜோடி. கணக்கு அதேதான், 3+3=6. சொற்கள் இவை:

கப்பல்
கிண்ணம்
முற்றல்

ஒரே வரிசை என்றால் இதிலும் இரண்டாவதும் மூன்றாவதும். கப்பலும் கிண்ணமும் க, கப்பலும் முற்றலும் ல, கிண்ணமும் முற்றலும் ம. இவை மூன்றும் வரிசையின் முதலிலோ கடைசியிலோதான் இருக்கும், ஆகவே அப்பத்தா அந்த இரண்டு வரிசையின் நான்கு ஓரத்தை மட்டும் பார்த்தால் போதும். கடைசி ஆள் ரகசியமும் அப்படியே செல்லும்: முதல் ஜோடியைக் க-வில் வைக்கச் சொல்லுங்கள், இரண்டு வரிசைக்கும் அதுதான் முதல் இடம்.

தலைமாட்டில் வைக்க மூன்று பொருள் அவர் சுருக்குப் பையிலேயே இருக்கும். எவற்றை வைத்தார் என்று எனக்கும் எழுதுங்கள்.